கறுப்புச் சட்டைக்காரர்களின் தலை தீபாவளி

ஒரு வாக்கியத்தின் மீதிப் பாதியைச் சொல்லி முடிப்பதற்காக நான் இந்தியாவுக்கு விமானம் ஏறினேன். முதல் பாதியைத் தொலைபேசியில் சொல்லியாகிவிட்டது. அதற்குள் போன் அட்டையில் காசு தீர்ந்துபோனது.

கிள்ளானில் என் லாரிப் பட்டறையிலிருந்து சம்பந்தி மாரிமுத்துவிடம் பேசிக்கொண்டிருந்தேன். பேசவில்லை, திட்டிக்கொண்டிருந்தேன். அவர் ஏழாயிரம்பண்ணையில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். என்னைப் போலவே சாமி கும்பிடாதவர். ஏழு மாதத்துக்கு முன்னால், சிங்கப்பூரில் இருக்கும் என் மகன் செழியனுக்கும் அவருடைய மூத்த மகள் எழிலரசிக்கும் சாத்தூரில் ஒரு மண்டபத்தில் கல்யாணம் செய்து வைத்தோம். ஐயர் இல்லை, ஓமம் இல்லை, தாலியும் இல்லை. மாலை மாற்றி, கையெழுத்துப் போட்டு முடித்தோம். தாலி கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றவன் நான். மேடையில் மாரிமுத்து முக்கால் மணி நேரம் பேசினார். பண்டிகைகளைத் திட்டவே இருபது நிமிடம் எடுத்துக்கொண்டார். நான் கைதட்டிக் கை சிவந்துபோனது.

அதே மனிதர் இப்போது போனில் சொல்கிறார்: "சம்பந்தி, தலை தீபாவளிக்கு மாப்பிள்ளையும் பொண்ணும் வாராக. நீங்களும் வந்துருங்க."

"உங்களுக்கு வெட்கமா இல்லையா, நீங்களெல்லாம் ஒரு..." என்று ஆரம்பித்தேன். அங்கேதான் அட்டை தீர்ந்தது.

என் மனைவிக்கு மூட்டு வலி, வரமுடியாது. "போன்லயே மிச்சத்தைச் சொல்லலாமே" என்றாள். சில விஷயங்களை முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நாற்பது வருடமாகத் தீபாவளி அன்று கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு பட்டறையைத் திறந்து வைப்பவன் நான். அன்றைக்கு அவள் தங்கை வீட்டுக்குப் போய்விடுவாள். என் கொள்கைக்குக் கொடுக்கும் மரியாதை என்று வெகுநாள் நினைத்திருந்தேன். முறுக்குக்காகப் போகிறாள் என்று பிறகுதான் தெரிந்தது.

பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா நோன்புப் பெருநாளுக்குக் கொடுத்த டோடோல் இனிப்பு மிச்சம் இருந்தது. அதை மனைவி என் பையில் திணித்து அனுப்பினாள். அது 2007ஆம் வருடம், ஐப்பசி மாதம்.

விருதுநகரில் இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பசி. பரோட்டாக் கடையில் உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் ரொட்டி சானாயைக் கல்லில் போட்டு, இரண்டு கையாலும் தட்டி, மெத்தென்று கொடுப்பார்கள். இங்கே பரோட்டாவை எண்ணெயில் முக்கிப் பொரித்துக் கொன்றுவிடுகிறார்கள். பிறகு மேலே சால்னாவை ஊற்றிப் பிழைக்க வைக்கிறார்கள். முதலாவதைச் சந்தேகத்தோடு தின்றேன். ஐந்தாவதைச் சந்தேகமில்லாமல் தின்றேன்.

கடைக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். "எங்கன இருந்து வாரீக அண்ணாச்சி?"

"மலேசியா."

"வெடி வாங்கவா?"

"இல்ல."

"பின்ன இந்தச் சீசன்ல எதுக்கு இங்கிட்டு வந்தீக?"

"ஒருத்தரைத் திட்ட."

அவர் ஆச்சரியப்படவில்லை. "அதுக்கும் வருவாக. லோடு போய்ச் சேரலைன்னா வடக்க இருந்தெல்லாம் கிளம்பி வருவாக. எம்புட்டுக் கோவம் இருந்தாலும் சாப்பிட்டுட்டுத்தான் போவாக. இன்னொண்ணு வைக்கவா?"

வைக்கச் சொன்னேன். இரவு லாட்ஜில் அந்த எண்ணெய் என்னைத் தூங்கவிடவில்லை. கோபத்தில்தான் தூக்கம் வரவில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் சாத்தூர் பஸ். உட்கார இடமில்லை. ஊரே வெடி வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகிறது. பஸ்ஸில் வெடி கொண்டுபோகக் கூடாது என்று சன்னலுக்கு மேலே எழுதியிருந்தது. அதற்குக் கீழே உட்கார்ந்திருந்தவர் மடியில் பெரிய துணிப்பை. கேட்டால் துணி என்கிறார். கண்டக்டர் அவரை விட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தார். வெளியூர் முகம்.

"பையைத் திறங்க."

திறந்தேன். டோடோலை எடுத்தார். ஓலையில் சுற்றியது, கறுப்பாக, பிசுபிசுவென்று, விரல் நீளம். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"இது என்ன மருந்து?"

"மருந்து இல்ல. திங்கிறது."

"யாரு திங்கிறது?"

"மனுஷன் திங்கிறதுதான்யா."

"திரி எங்கன இருக்கு?"

எனக்குக் கோபம் வந்தது. ஒன்றைப் பிரித்து அவர் கண் முன்னாலேயே தின்று காட்டினேன். டோடோலை வேகமாகத் தின்ன முடியாது. அது பல்லில் ஒட்டிக்கொண்டு கூடவே வரும். மொத்தப் பஸ்ஸும் நான் மென்று முடிப்பதற்காகக் காத்திருந்தது. பின் சீட்டிலிருந்து ஓர் அம்மாள், "பாவம், வாய்க்குள்ள வெடிச்சிரப் போகுது" என்றாள்.

பாதி வழியில் டயர்தான் வெடித்தது. இறங்கிப் பார்த்தால் டிரைவர் ஜாக்கியைத் தப்பான இடத்தில் வைத்துக்கொண்டிருக்கிறார். "அங்க வைச்சா பஸ் உன் கால் மேல உட்காரும்" என்றேன். "நீரு யாருவே?" என்றார். நான் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு அவரைத் தள்ளிவிட்டு நானே வேலையை முடித்தேன். கண்டக்டர் கை துடைக்க ஒரு துணி கொடுத்தார். அது அந்தத் துணிப்பைக்காரரிடமிருந்து வாங்கியது. பையில் உண்மையாகவே துணிதான். இந்தப் பஸ்ஸில் சோதனை போட்டுப் பார்க்க வேண்டியது கண்டக்டரைத்தான் என்று சொல்லிவிட்டு ஏறினேன். அதற்குப் பிறகு எனக்கு உட்கார இடம் கிடைத்தது. யாரோ சாத்தூர்ச் சேவு கொடுத்தார்கள். அது நன்றாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சாத்தூரிலிருந்து ஏழாயிரம்பண்ணைக்கு மினி பஸ். இரண்டு பக்கமும் கரிசல் காடு. நடுநடுவே கம்பெனிகளின் சின்னச் சின்ன அறைகள், ஒன்றை ஒன்று தொடாமல், சண்டை போட்டுக்கொண்ட அண்ணன் தம்பிகள் போல எட்டி எட்டி நிற்கின்றன. ஒன்று வெடித்தால் இன்னொன்றுக்குப் பிடிக்கக் கூடாது என்பதற்காக. அன்றோடு எல்லாக் கம்பெனிகளுக்கும் லீவு. இந்த ஊர் செய்த வெடியெல்லாம் ஊரைவிட்டுப் போயாகிவிட்டது. வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

மாரிமுத்து வாசலில் நின்றார். நான் வாக்கியத்தின் மீதியை வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் அவர் இரண்டு கையாலும் என் சட்டைப் பையைத் தடவினார். பிறகு கால்சட்டைப் பை.

"தீப்பெட்டி, பீடி, லைட்டர் எதாச்சும் வச்சிருக்கீகளா சம்பந்தி?"

"நான் பீடி குடிக்கிறதில்ல."

"தப்பா நினைக்காதீக. இருபத்தாறு வருசமா கேட்டுல நின்னு தடவித் தடவி, இப்பக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் கை தன்னால போயிருது."

அவர் வீட்டில் தீப்பெட்டியே கிடையாது. அடுப்புக்குக் கேஸ். அதைப் பற்றவைக்கப் பொறி மட்டும் தட்டும் லைட்டர் ஒன்று, அதுவும் அவர் மனைவி சண்முகத்தாயின் பொறுப்பில். சாமி இல்லாத வீடு, அதனால் விளக்கும் கிடையாது. இப்படி ஓர் இருட்டான, பத்திரமான வீட்டை நான் பார்த்ததில்லை.

உட்கார்ந்ததும் சண்முகத்தாய் தட்டில் அதிரசம் கொண்டுவந்து வைத்தார். நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"சம்பந்தி, நரகாசுரனைக் கொன்ன நாள் நமக்குத் துக்க நாள்னு மேடையில சொன்னது யாரு?"

"நாந்தான்."

"துக்க வீட்டில அதிரசம் சுடுவாங்களா?"

மூலையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒருவர் வாயைத் திறந்தார். "பதினாறாம் நாள் சுடுவாகள்ல."

அவர் தையல்காரர் ஆறுமுகம். ஊர்ப் பகுத்தறிவு மன்றத்தின் செயலாளர். மன்றத்தில் மொத்தம் நான்கு பேர். அவர்கள் இந்தத் தீபாவளிக்காகத் தனியாகக் கூடித் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். ஆறுமுகம் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து வாசித்தார். எண்ணெய்க் குளியல் உடல் சூட்டைத் தணிப்பது, எனவே அறிவியல். புதுச்சட்டை பழைய சட்டை கிழிந்ததால் போடுவது, எனவே தேவை. பலகாரம் பசிக்கு. வெடி உள்ளூர்த் தொழில், அதை ஆதரிப்பது உழைப்பாளிக்குச் செய்யும் கடமை.

"அஞ்சாவது தீர்மானம்தான் முக்கியம்" என்று குரலை உயர்த்தினார். "விளக்கு, சூடம், ஊதுபத்தி, இது மூணும் எந்தக் காரணத்துக்காகவும் வீட்டுக்குள்ள வரக் கூடாது. ஏகமனதா நிறைவேறுச்சு."

"அப்படின்னா இது தீபாவளி இல்ல. என்னன்னு சொல்லிக் கூப்பிடுறீங்க?"

"அதுலதான் கருத்து வேறுபாடு. அடுத்த கூட்டத்துக்கு ஒத்தி வச்சிருக்கோம்."

நான் எழுந்து கத்தினேன். கோழைத்தனம், ஏமாற்று என்றேன். நாளைக் காலையில் சாத்தூர் லாட்ஜுக்குப் போகிறேன், செழியன் வந்ததும் அவனையும் இழுத்துக்கொண்டு போகிறேன் என்றேன். மாரிமுத்து தரையைப் பார்த்தார். ஆறுமுகம் தாளை மடித்தார்.

"அண்ணே, கொஞ்சம் இங்கன வாங்க" என்று அடுப்படியிலிருந்து சண்முகத்தாய் கூப்பிட்டார்.

போனேன். அவர் எண்ணெய்ச் சட்டியை விட்டுக் கண்ணை எடுக்காமல் பேசினார். அவரும் பட்டாசுக் கம்பெனிக்காரர்தான். பதினெட்டு வருடமாகச் சரவெடி பின்னுகிறார்.

"தாலி வேண்டாம்னு நீங்க சொன்னீக. சரின்னேன். எனக்கும் சாமி பூதம் எதுவும் கிடையாது. கம்பெனியில ரெண்டு தரம் வெடிச்சது, ஒரு சாமியும் வந்து எட்டிப் பாக்கல. அதனால உங்க கொள்கையில எனக்குக் குத்தம் இல்ல. ஆனா நீங்க மாலையைப் போட்டுட்டு மலேசியாவுக்குப் போயிட்டீக. நான் தினமும் வேன்ல போறேன். அம்புட்டுப் பேரும் கேக்காளுக. 'உம் மக சிங்கப்பூர்ல யாரு கூட இருக்கா'ன்னு. கல்யாணம்னு யாருமே ஒத்துக்கிடல."

சட்டியில் ஓர் அதிரசத்தைத் திருப்பிப் போட்டார்.

"எதுத்த வீட்டுப் பேச்சியம்மா இருக்காகள்ல, அவுக அண்ணன் ஆனைக்குட்டத்துல இருக்காரு. நல்ல குடும்பம். அவரு மகன் நம்ம சின்னவ மலரைக் கேட்டுவிட்டிருக்கான். அவளுக்கும் பிடிச்சிருக்கு. ஆனா பேச்சியம்மா சொல்லிட்டாக, 'மூத்தவளுக்குத் தலை தீபாவளி நடக்கட்டும். நடந்தா அது கல்யாணம்தான், அன்னைக்கே பொண்ணு பாக்க வாரோம். நடக்கலேன்னா விட்ருவோம்'னு. இப்ப நீங்க மாப்பிள்ளையைக் கூட்டிட்டு லாட்ஜுக்குப் போறதா இருந்தா, போற வழியில மலர்கிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

மலர் பின்வாசலில் மாவு சலித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கும். சலிப்பதை நிறுத்தவில்லை.

நான் திரும்பிவந்து உட்கார்ந்தேன். "இருக்கேன். ஆனா எண்ணெய் வைக்க மாட்டேன், பலகாரம் தொட மாட்டேன். பார்வையாளர்தான்" என்றேன். ஆறுமுகம் அதைத் தாளில் குறித்துக்கொண்டார்.

செழியனும் எழிலும் மறுநாள் சாயங்காலம் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார்கள். கோவில்பட்டியில் பஸ் கிடைக்காமல், வாழைத்தார் ஏற்றி வந்த வண்டியில் தார்களுக்கு நடுவே உட்கார்ந்து வந்திருக்கிறார்கள். என் மகன் சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். தலைமுடியில் வாழைச் சருகு. "அப்பா, நீங்க இங்க என்ன பண்றீங்க?" என்றான். "திட்ட வந்தேன்" என்றேன். "திட்டியாச்சா?" "இன்னும் இல்ல." தெருவில் நான்கு வாசல்களிலிருந்து நான்கு பேர் எழிலைப் பார்த்தார்கள். ஒருவரும் 'வாம்மா' என்று சொல்லவில்லை. பேச்சியம்மாள் தன் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அதை நான் பார்த்தேன். தாலி கூடாது என்று நான் மேசையைத் தட்டியது நினைவுக்கு வந்தது. தப்பு என்று இப்போதும் சொல்லமாட்டேன். ஆனால் மேசையைத் தட்டியவனுக்கு அந்த வாசல்கள் தெரியவில்லை.

தீபாவளி விடியும்முன்னே எழுப்பிவிட்டார்கள். செழியனை மணையில் உட்காரவைத்து எண்ணெய் தேய்த்தார்கள். சீயக்காய் கண்ணில் போய், சிங்கப்பூரில் கேட்கும் அளவுக்குக் கத்தினான். இங்கே சாமி இல்லையே தவிர வேறு எதிலும் குறைச்சல் இல்லை. எங்கள் ஊரில் சாமி கும்பிடுகிறவர்கள்கூட ஷாம்பு போட்டுக் குளித்துவிட்டுத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். இவர்கள் கடவுளை நம்பாமல் எண்ணெயை மட்டும் முழு மூச்சாக நம்புகிறார்கள். என்னைத் தாண்டிப் போகும்போது சண்முகத்தாய் ஒரு கை எண்ணெயை என் உச்சியில் வைத்துத் தேய்த்துவிட்டார். "கை தவறிப் பட்டுருச்சுண்ணே." கை தவறிப் பட்டது காது வரைக்கும் வழிந்தது. குளித்துத்தான் ஆக வேண்டியிருந்தது.

குளித்து வந்தால் புதுத்துணி. ஆறுமுகம் தைத்தது, அவரும் கறுப்பில்தான் வந்திருந்தார். மாரிமுத்துவுக்குக் கறுப்புச் சட்டை. செழியனுக்குக் கறுப்புச் சட்டை. எழிலுக்கும் மலருக்கும் கறுப்புச் சுடிதார், சண்முகத்தாய்க்குக் கறுப்புச் சேலை. எனக்கும் ஒன்று, அளவு கேட்காமலே சரியாக இருந்தது. நாங்கள் எல்லாரும் ஒன்றாக வாசலுக்கு வந்தபோது தெருக்கோடியில் சைக்கிளில் போன ஒருவர் இறங்கி நின்று, "யாரு தவறிட்டாக?" என்று கேட்டார்.

மழை விட்டிருந்தது. நன்றாக விடிந்துவிட்டது. சண்முகத்தாய் உள்ளே இருந்து சரத்தைச் சுருட்டித் தூக்கிவந்தார். அவர் கையால் பின்னியது. வாசற்படியிலிருந்து தெருவிளக்குக் கம்பம் வரைக்கும் சிவப்பாக நீண்டு கிடந்தது. இந்த ஊரில் வழக்கம் இதுதான்: தலை தீபாவளி மாப்பிள்ளை மாமனார் வாசலில் சரம் கொளுத்த வேண்டும். அந்தச் சத்தம் கேட்டால்தான் கணக்கு. தெருவில் மற்ற வீட்டுக்காரர்கள் தங்கள் வெடியை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். பேச்சியம்மாள் அதே இடத்தில், அதே கைக்கட்டு.

மாரிமுத்து மாப்பிள்ளைக்குப் பாடம் நடத்தினார். "முகத்தைக் கொண்டு போகக் கூடாது. கையை நீட்டணும். திரி பிடிச்சதும் பின்னால பாக்காம வரணும். சரி. மலரு, பத்தியைக் கொண்டா."

மலர் நின்ற இடத்திலேயே நின்றாள். "எந்தப் பத்தி?"

மாரிமுத்து ஆறுமுகத்தைப் பார்த்தார். ஆறுமுகம் வெற்றிலை மெல்வதை நிறுத்தினார். ஐந்தாவது தீர்மானம். ஏகமனதாக நிறைவேறியது.

"தீப்பெட்டி?" என்றேன். கேட்ட பிறகுதான் எங்கே நின்று கேட்கிறேன் என்று தெரிந்தது. ஊருக்கெல்லாம் தீப்பெட்டி செய்து அனுப்பும் சீமையில், வெடிக் கம்பெனிப் போர்மேன் வாசலில், நாற்பது அடிச் சரத்தைப் போட்டுவிட்டு, ஒரு தீக்குச்சி இல்லாமல் ஏழு பேர் கறுப்பில் நிற்கிறோம்.

"கேஸ் அடுப்புல பேப்பரைப் பத்தவச்சுக் கொண்டாந்திருவோமா?" என்றார் ஆறுமுகம்.

"எரியுற பேப்பரைத் தூக்கிட்டு வெடிகிட்ட வருவியாலே? என் பொணத்தைத் தாண்டி வா. ஊதுபத்தி மட்டும்தான் விதி. இருபத்தாறு வருசமா நான் பெட்டியில அச்சடிச்சு ஒட்டுறது."

"அந்தப் பெட்டியை ஒரு தரம் நீங்க படிச்சுப் பாத்திருக்கலாம்" என்றார் சண்முகத்தாய். பிறகு யாரையும் பார்க்காமல், "பேச்சியக்கா வீட்ல இருக்கும்" என்றார்.

யாரும் அசையவில்லை. மாரிமுத்து அந்த வீட்டுப் படி ஏறிப் பதினோரு வருடமாகிறதாம், ஒரு கோயில் வரிச் சண்டையில். ஆறுமுகம் செயலாளர், அவர் போனால் மன்றமே போனதாக அர்த்தம். செழியன் கிளம்பினான். "மாப்பிள்ளை போய்க் கேட்டா நல்லா இருக்காது" என்று சண்முகத்தாய் தடுத்தார். மிச்சம் இருந்தது நான்தான்.

தெருவைக் கடந்தேன். பத்தடி. கிள்ளானிலிருந்து வந்தது அவ்வளவு தூரமாக இல்லை.

"என்ன வேணும்?" என்றார் பேச்சியம்மாள்.

"ஊதுபத்தி. ஒண்ணு போதும்."

"எதுக்கு?"

"வெடி கொளுத்த."

"எதுக்கு வெடி கொளுத்துறீக? உங்களுக்குத்தான் சாமியே கிடையாதே."

"சாமிக்கு இல்ல."

"பின்ன எதுக்கு?"

அவருக்குத் தெரியும். என் வாயால் வரவேண்டும் என்று நிற்கிறார். தெருவே கேட்டுக்கொண்டிருக்கிறது. நாற்பது வருடமாகச் சொல்லாத வார்த்தை தொண்டையில் டோடோல் போல ஒட்டியது.

"என் மகனுக்குத் தலை தீபாவளி."

"யாரு வீட்ல?"

"மாமனார் வீட்டில. மாரிமுத்து வீட்டில."

"அப்ப எழிலு யாரு?"

எனக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. பட்டறையில் இயந்திரம் ஓடும்போது பேசும் குரலில் சொன்னேன். "என் மகன் பொண்டாட்டி. என் வீட்டு மருமக. சாத்தூர் மண்டபத்தில ஆயிரம் பேர் பார்க்க நான் கூட்டிட்டுப் போன மருமக. இன்னும் யாருக்குக் கேக்கணும்? கம்பெனி வேன்ல வர்றவங்க யாராச்சும் இருந்தா முன்னால வாங்க, அவங்களுக்கும் சொல்றேன்."

யாரும் முன்னால் வரவில்லை. பேச்சியம்மாள் கைக்கட்டை அவிழ்த்தார்.

"இதைக் கல்யாணத்தன்னைக்கே வந்து தெருவுல சொல்லியிருக்கலாம்ல. அன்னைக்கு மண்டபத்துக்கு நானும் வந்தேன். உங்க சம்பந்தி முக்கா மணி நேரம் பேசினாரு. அம்புட்டுச் சாமி பேரும் சொன்னாரு. பொண்ணு பேரைச் சொல்லலியே."

சொல்லிவிட்டு உள்ளே போனார். திரும்பிவரும்போது கையில் ஒற்றை ஊதுபத்தி, எரிந்துகொண்டிருந்தது. "புதுசு தீந்துபோச்சு. சாமிக்குப் பொருத்தினதுதான் இருக்கு. ஒத்துக்கிடுவீகளா?"

வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வது? காற்று அடித்தது. அணைந்துபோனால் இன்னொரு தரம் கேட்க என்னால் முடியாது. இடது கையைக் குவித்து அதை மறைத்துக்கொண்டு, அடிமேல் அடி வைத்துத் தெருவைக் கடந்தேன். சாமி படத்து ஊதுபத்தியைக் கறுப்புச் சட்டைக்காரன் ஒருவன் பச்சைப் பிள்ளையைத் தூக்கிவருவது போலக் கொண்டுவந்ததை அந்தத் தெரு இன்னும் பேசிக்கொண்டிருக்கும்.

செழியன் வாங்கினான். குனிந்தான். திரியைத் தொடுவதற்குள் ஓடிவந்தான். மறுபடி போனான், மறுபடி ஓடிவந்தான். எங்கள் நாட்டில் பட்டாசுக்குத் தடை, அவன் மத்தாப்பைத் தவிர எதையும் கொளுத்தியதில்லை. மாமனாரிடம் கேட்கலாம் என்று பார்த்தால் மாரிமுத்துவைக் காணோம். கதவுக்குப் பின்னால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நிற்கிறார். இருபத்தாறு வருடம் வெடி செய்தவர், வாழ்நாளில் ஒரு வெடி கொளுத்தியதில்லையாம். "வெடிச்சா தப்புன்னே பழகிட்டேன் சம்பந்தி" என்றார் உள்ளேயிருந்து.

மொத்தக் கூட்டத்தில் தீயோடு பழகியவன் நான் ஒருவன்தான். சின்ன வயதில் ரப்பர் தோட்டத்தில் மலாய்ப் பையன்களோடு சேர்ந்து, அவர்கள் பெருநாளுக்கு மூங்கில் பீரங்கி வெடித்தவன். அப்பாவுக்குத் தெரியாமல். நான் போய்ச் செழியனின் மணிக்கட்டைப் பிடித்தேன். "ஓடாதே. திரி சீறும். சீறட்டும். இப்ப வா."

சீறியது. வந்தோம்.

அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியாது. கம்பம் வரைக்கும் போய், நிற்கும் என்று நினைத்தால் நிற்காமல், தெரு முழுக்கச் சிவப்புத் தாளாகப் பறந்தது. மலர் காதைப் பொத்தவே இல்லை. புகைக்குள் பேச்சியம்மாளின் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சத்தம் அடங்கியதும் மாரிமுத்து வெளியே வந்தார். பிள்ளைகளை வாழ்த்துவார் என்று பார்த்தேன். நேராகத் தெருவில் குனிந்து, தாள் குப்பையைக் காலால் விலக்கி, வெடிக்காததை எண்ணிப் பார்த்தார். "பதினோரு வெடி பிடிக்கல."

"பின்னல்ல குத்தம் இல்ல" என்றார் சண்முகத்தாய். "மருந்து போட்ட ரூம்ல கேளுங்க."

இருவரும் நடுத்தெருவில் தரம் பற்றிச் சண்டை போட ஆரம்பித்தார்கள். அந்தச் சண்டைக்கு நடுவேதான் பேச்சியம்மாள் தட்டில் முறுக்கோடு புகையைத் தாண்டி வந்தார். முறுக்கை எழில் கையில் கொடுத்தார். "எப்பம்மா வந்தே, நல்லா இருக்கியா?" என்றார், அவள் அப்போதுதான் வந்து இறங்கியது போல. பிறகு என்னைப் பார்த்தார்.

"எங்க அண்ணன் நாலு மணிக்கு வாராக. நீங்களும் இருங்க. அப்புறம் ஒண்ணு. அடுத்த வருசம் சின்னவளுக்கும் இதே வாசல்ல சரம் போடணும்ல? ஒரு பாக்கெட் வாங்கி வைங்க. வருசா வருசம் நான் சாமி முன்னால இருந்து உருவித் தர முடியாது."

மலர் உள்ளே ஓடிப்போனாள். ஆறுமுகம் தாளை எடுத்து, "அஞ்சாவது தீர்மானத்துல ஒரு சின்னத் திருத்தம்..." என்றார். அதிரசத் தட்டை நான் என் பக்கம் இழுத்துக்கொண்டேன். பதிலுக்குப் பேச்சியம்மாளுக்கு டோடோல் கொடுத்தேன். நெடுநேரம் அவரால் பேச முடியவில்லை.

அடுத்த நாள் மாரிமுத்து சாத்தூர் வரைக்கும் வழியனுப்ப வந்தார். பஸ் நிலையத்தில் நிற்கும்போது கேட்டார்: "போன்ல ஏதோ சொல்ல வந்தீகளே சம்பந்தி, பாதியில அறுந்துபோச்சு."

"மறந்துபோச்சு" என்றேன். மறக்கவில்லை. இன்னும் பத்திரமாக இருக்கிறது. எப்போதாவது தேவைப்படும்.

பக்கத்தில் ஒரு கடை திறந்திருந்தது. உள்ளே போய் ஊதுபத்தி கேட்டேன். கடைக்காரர் என் கறுப்புச் சட்டையைப் பார்த்தார், வாசலில் நின்ற மாரிமுத்துவின் கறுப்புச் சட்டையைப் பார்த்தார்.

"மல்லிகை இருக்கு, சந்தனம் இருக்கு. எந்தச் சாமிக்கு அண்ணாச்சி?"

"அதெல்லாம் வேணாம். காத்துல அணையாதது எது?"

எடுத்துக் கொடுத்தார். இரண்டு பாக்கெட் வாங்கி மாரிமுத்துவின் கையில் வைத்தேன்.